காய்ந்த காட்டில் பூப்பவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிண்டி தேசியப் பூங்காவிலும் நன்மங்கலம் காப்புக்காட்டிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் காணக்கூடிய பூக்களையும் பூச்சிகளையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளை நன்மங்கலம் பக்கம் அழைத்துச் சென்றேன். முட்புதரும் பாறையும் சருகும்தான் தெரிந்தன. பூவும் பூச்சியும் மழைக்காலத்தில்தானே இருக்கும்? கோடையில் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தாம்பரம்

வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் செடி வகைகளும் பூச்சி வகைகளும் மிகுதியாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த ஈரத்தை நம்பி முளைக்கும் புற்களும் சிறு பூண்டுகளும் பங்குனிக்குள் விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்து போகின்றன. நீங்கள் பார்த்த சருகுகளில் பெரும்பங்கு அவற்றுடையதுதான்.

ஆனால், தரையில் இருப்பவை ஓய்ந்த பிறகு, ஆழமாக வேர் விட்ட மரங்களும் புதர்களும் தங்கள் முறையைத் தொடங்குகின்றன. பங்குனிக் கடைசியில் வேம்பு பூக்கிறது. அதை ஒட்டிப் புங்கமும், பிறகு சரக்கொன்றையும் வாகையும் பூக்கின்றன. நீரே இல்லாத மாதத்தில் மரங்கள் ஏன் பூக்கின்றன என்று கேட்கத் தோன்றும். வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பங்கொட்டை நெடுநாள் முளைப்புத்திறனோடு இருப்பதில்லை. பழம் உதிர்ந்த சில வாரங்களிலேயே அதை இழக்கத் தொடங்கிவிடும். ஆகவே பழங்கள் ஆனி, ஆடி மாதங்களில் விழுந்து, அப்போது பெய்யும் மழையில் உடனே முளைக்க வேண்டுமானால், மரம் சித்திரையில் பூத்தாக வேண்டும். விதை விழ வேண்டிய காலம் பூக்க வேண்டிய காலத்தை முடிவு செய்கிறது. இலை குறைந்த கிளைகளில் பூக்கள் மறைவின்றித் தெரிவதும், தேனீக்களுக்கு வேறு உணவு குறைந்திருக்கும் வேளையில் அவை இந்த மரங்களையே நாடி வருவதும் கோடையில் பூப்பவற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மைகள்.

எனவே, அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, தலைக்கு மேலே உள்ள கிளைகள். மற்றொன்று, வற்றிக்கொண்டிருக்கும் ஏரி, குட்டைகளின் ஓரம். நீர் பின்வாங்கப் பின்வாங்க, அந்த ஈர மண்ணில் பொடுதலையும் தேள்கொடுக்கும் செருப்படையும் படர்ந்து பூக்கும். பொடுதலையின் மிளகளவுப் பூங்கொத்தில் விரல்நகத்தைவிடச் சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகள் அமர்ந்திருப்பதைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். மேட்டில், வறண்ட மண்ணிலும் நெருஞ்சி தன் மஞ்சள் பூவைக் காலையில் விரித்திருக்கும். பிற்பகலில் அது வாடிவிடும்.

நேரமும் முக்கியம். காலை ஆறரை மணியிலிருந்து ஒன்பதரை மணி வரைதான் கோடையில் பூச்சிகள் சுறுசுறுப்பாக இருக்கும். அதன் பிறகு மனிதர்களைப் போலவே அவையும் நிழலைத் தேடி இலையின் அடிப்பக்கத்தில் ஒதுங்கிவிடுகின்றன. பத்து மணிக்கு மேல் சென்றவர்கள் காடு வெறுமையாக இருக்கிறது என்று சொல்வதில் வியப்பில்லை. காட்டைச் சுற்றி நடப்பதைவிடப் பூத்திருக்கும் ஒரே செடியின் அருகில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது பிள்ளைகளுக்கு அதிகம் காட்டும். இவ்விரண்டு காடுகளும் வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால், உள்ளே செல்வதற்கு முன் அனுமதி பெற வேண்டும். கிண்டியில் காட்டை ஒட்டியுள்ள சிறுவர் பூங்காவுக்குப் பொதுமக்கள் கட்டணம் செலுத்திச் செல்லலாம். வேம்பையும் புங்கத்தையும் கொன்றையையும் பார்க்க அதுவே போதுமானது.

எருக்கஞ்செடியில் கருப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புழு ஒன்றைக் கண்டேன். எருக்கம்பால் நஞ்சு என்று வீட்டில் தொடக்கூட விடுவதில்லை. அந்தப் புழு மட்டும் எப்படித் தின்று உயிர் வாழ்கிறது? எருக்கினால் காட்டுக்குப் பயன் உண்டா?
– கல்லூரி மாணவி, மேடவாக்கம்

நீங்கள் கண்டது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. உடலின் மேல் மூன்று இணைக் கருப்புக் கொம்புகள் இருந்திருக்குமே, அதுதான் அடையாளம். வளர்ந்த பூச்சி வெந்தய நிறத்தில், இறகின் முனையில் கருப்பும் வெள்ளைத் திட்டும் கொண்டதாக, தாழ்வாக, அவசரமில்லாமல் பறக்கும். அந்த அவசரமின்மைக்கு உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது.

எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளன. ஆடுமாடுகள் அதை ஒதுக்குவதற்கு அதுவே காரணம். வெந்தய வரியனின் புழுவுக்கோ அந்த நஞ்சால் கேடு விளைவதில்லை. புழு அதைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சேர்த்த நஞ்சு கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து, சிறகு முளைத்த பூச்சியின் உடலிலும் தங்குகிறது. ஒருமுறை அதைப் பிடித்துத் தின்று கக்கிய பறவை அந்த நிறத்தை மறப்பதில்லை. அதனால்தான் இந்தப் பூச்சி ஒளிந்து திரிய வேண்டிய தேவையில்லாமல் வெட்டவெளியில் மெதுவாகப் பறக்கிறது. வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண், நஞ்சு ஏதும் இல்லாமலேயே, வெந்தய வரியனின் நிறத்தையும் பறக்கும் விதத்தையும் அப்படியே கொண்டிருந்து தப்பிப் பிழைக்கிறது. அதன் புழு வளர்வது நம் தோட்டத்துப் பருப்புக்கீரையில்.

நஞ்சைத் தாங்கினாலும், பாலின் பிசுபிசுப்பு புழுவுக்கும் இடையூறுதான். சின்னஞ்சிறு புழுவின் வாயை அது ஒட்ட வைத்துவிடக்கூடும். ஆகவே வளர்ந்த புழு என்ன செய்கிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். இலையைத் தின்னத் தொடங்குவதற்கு முன் அது இலைக்காம்பிலோ நடுநரம்பிலோ ஒரு வெட்டுப் போடுகிறது. வெட்டின் வழியே பால் வடிந்து, அதற்கு அப்பாலுள்ள பகுதிக்குப் பாலின் வரத்து நின்றுவிடுகிறது. இலை சற்றே தொங்கும். அதன் பிறகு புழு வெட்டுக்கு அப்பால் சென்று நிதானமாகத் தின்கிறது. எருக்கஞ்செடியில் காம்பு ஒடிந்தது போல் தொங்கும் இலையைக் கண்டால், அதன் கீழே பாருங்கள். பெரும்பாலும் புழு அங்கே இருக்கும்.

எருக்கம்பூவின் அமைப்பையும் சொல்லியாக வேண்டும். அதன் நடுவே ஐந்து மூலைகளாக நிற்கும் மகுடத்தைச் சிறுவயதில் எல்லோரும் பிய்த்து விளையாடியிருப்போம். மற்றப் பூக்களில் மகரந்தம் தூளாக இருக்கும். எருக்கிலோ அது தூளாக உதிர்வதில்லை. இரண்டு சிறிய மஞ்சள் பைகளாகத் திரண்டு, ஒரு கருநிறக் கவ்வியால் இணைக்கப்பட்டு, மகுடத்தின் பிளவுகளுக்குள் மாட்டியிருக்கிறது. தேன் குடிக்க வந்து அமரும் கருவண்டின் கால் அந்தப் பிளவில் வழுக்கி மாட்டுகிறது. வண்டு இழுத்து விடுவித்துக்கொள்ளும்போது கவ்வியும் பைகளும் காலோடு வந்துவிடுகின்றன. அடுத்த பூவில் மீண்டும் கால் வழுக்கும்போது பை அங்கே சிக்கிக்கொள்கிறது, கருவுறுதல் நடக்கிறது. சிறு ஈக்களுக்கும் கொசுத்தேனீக்களுக்கும் இழுக்கும் வலு போதாது. அதனால் எருக்கு ஏராளமாகப் பூத்தும் காய்ப்பது குறைவு. காய்த்தவை கோடையில் வெடித்து, பட்டுப்போன்ற பஞ்சோடு விதைகளைக் காற்றில் விடுகின்றன.

வெந்தய வரியன் மட்டுமல்ல, மஞ்சளும் நீலமும் வரிவரியாகக் கொண்ட எருக்கு வெட்டுக்கிளியும் இதே செடியை நம்பி வாழ்கிறது. அதன் குஞ்சைத் தொட்டால் கசப்பான நீரைப் பீய்ச்சும். கண்ணருகில் கொண்டு செல்ல வேண்டாம். ஆண்டு முழுவதும் பச்சையாக நின்று, ஆண்டு முழுவதும் பூக்கும் செடி கோடைக்காட்டில் மிகச் சிலவே. அவற்றில் முதலிடம் எருக்குக்கு என்பேன். அதைப் பயனற்ற செடி என்று வெட்டி எறிவதைக் காணும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

சரக்கொன்றை மரத்தடியில் நின்றால் கருவண்டுகளின் ரீங்காரம் பெரிதாகக் கேட்கிறது. கொட்டுமா? பூவில் அவ்வளவு தேன் இருக்கிறதா?
– வங்கி ஊழியர், வேளச்சேரி

சரக்கொன்றைப் பூவில் தேன் இல்லை. வண்டு வருவது மகரந்தத்துக்காக. கருவண்டு என்று நாம் அழைப்பது உண்மையில் வண்டினம் அன்று; அது தேனீக்களின் உறவான தச்சன் தேனீ. காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் குஞ்சு வளர்ப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

ஒரு பூவைக் கையில் ஏந்திப் பாருங்கள். பறிக்க வேண்டாம், உதிர்ந்ததே போதும். பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே நிற்கும். நான்கு நடுத்தர அளவில் இருக்கும். மற்ற மூன்று மிகச் சிறியவை. நடுத்தரத் தாள்களின் பைகள் முழுதாகப் பிளப்பதில்லை. சிறு துளை வழியாகத்தான் தூள் வெளிவர முடியும். தச்சன் தேனீ அவற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் அதிர வைக்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே கொட்டுகிறது. பறக்கும்போது எழும் ஓசையைவிட அப்போது எழும் ஓசை சற்றுக் கூர்மையாக ஒலிக்கும். காதைத் தீட்டி நின்றால் இரண்டையும் பிரித்துக் கேட்கலாம். வண்டு நடுத்தரத் தாள்களிலிருந்து தன் உணவைச் சேகரித்துக்கொண்டிருக்கும்போதே, நீண்ட மூன்று தாள்கள் அதன் முதுகிலும் பக்கவாட்டிலும் வேறு மகரந்தத்தைப் பூசி விடுகின்றன. வண்டின் கால் எட்டாத அந்த இடத்துத் தூள்தான் அடுத்த பூவின் சூல்முடியைச் சேர்கிறது.

அடுக்குத்தேனீயாலும் மலைத்தேனீயாலும் இந்த அதிர்வைச் செய்ய இயலாது. கத்தரிப்பூவுக்கும் இதே முறைதான் ஏற்றது என்பதால், கருவண்டு வந்துபோகும் தோட்டத்தில் கத்தரி நன்றாகக் காய்க்கும். கொட்டுவதைப் பற்றிய அச்சம் வேண்டாம். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண், கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவதில்லை.

சரக்கொன்றையின் இலையிலும் ஒரு கதை நடக்கிறது. வெளிர்மஞ்சளும் வெள்ளையுமான கொன்றை வெள்ளையன் என்னும் வண்ணத்துப்பூச்சி அதன் தளிரில்தான் முட்டையிடுகிறது. சில ஆண்டுகளில் தளிர் முழுவதும் புழுக்களால் மொட்டையாகிவிடுவதும் உண்டு. மருந்து அடிக்க வேண்டியதில்லை. மரம் மீண்டும் தளிர்த்துக்கொள்ளும்.

சங்கப் பாடல்கள் கொன்றையைக் கார்காலத்துப் பூவாகப் பாடுகின்றன. நாம் காண்பதோ சித்திரையில். முரண்படுகிறதே?
– தமிழாசிரியர், மயிலாப்பூர்

சரக்கொன்றை முதன்மையாகப் பூப்பது சித்திரை, வைகாசியில்தான் என்றாலும், நல்ல மழைக்குப் பிறகு ஆண்டின் பிற்பகுதியில் சில மரங்கள் இரண்டாம் முறை பூப்பதை இன்றும் காணலாம். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று எண்ணிக் கொன்றை பூத்துவிட்டது என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். தேற்றுவதற்காகச் சொன்ன சொல் என்று வைத்துக்கொண்டாலும், மழை பெய்தால் கொன்றை பூக்கும் என்பது கேட்பவர்களுக்குத் தெரிந்த செய்தியாக இருந்தால்தான் அந்தச் சொல் எடுபடும். அந்த வகையில் பாட்டின் கவனிப்புக்கும் மரத்தின் இயல்புக்கும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உண்ணிச்செடியில் எப்போதும் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கின்றன. அப்படியிருக்க, அதை அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வண்ணத்துப்பூச்சிகளுக்கு உணவாகும் செடியை ஏன் அழிக்க வேண்டும்?
– புகைப்படக் கலைஞர், அடையாறு

வந்த கடிதங்களில் இதே கேள்வி பலவற்றில் இருந்தது. நியாயமான கேள்வியும்கூட. உண்ணிப்பூவில் தேன் உண்டு. அதை மறுக்க முடியாது. புதிதாக விரிந்த பூ மஞ்சளாக இருக்கும். மகரந்தச் சேர்க்கை நடந்த பிறகு அது செம்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறிவிடும். தேன் இருப்பது மஞ்சள் பூவில் என்பதை வண்ணத்துப்பூச்சிகள் கற்றுக்கொள்கின்றன. ஒரே கொத்தில் வெளிவட்டத்துச் சிவந்த பூக்களை விட்டுவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பூக்களில் மட்டும் அவை உறிஞ்சியை நுழைப்பதை நீங்கள் படம் எடுக்கும்போதே பார்த்திருப்பீர்கள்.

ஆனால், வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை தேனில் தொடங்குவதில்லை, இலையில் தொடங்குகிறது. சிறகுள்ள பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். அதன் புழுவோ, குறிப்பிட்ட சில செடிகளின் இலையை மட்டுமே தின்னும். வெந்தய வரியனுக்கு எருக்கு, கொன்றை வெள்ளையனுக்குக் கொன்றையும் ஆவாரையும், சிவந்த உடலும் கருஞ்சிறகும் கொண்ட பெரிய அழகிகளுக்கு ஆடுதின்னாப்பாளை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலை வகுக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சத்தைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, காட்டில் காட்டு எலுமிச்சையின் இலையைத் தின்கிறது. உண்ணிச்செடியின் இலையைத் தின்று வளரும் நம் ஊர் வண்ணத்துப்பூச்சிப் புழுவைத் தேடினாலும் காண்பது அரிது.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது இது. கால்நடைகள் மேய்வதில்லை, கனிகளைத் தின்னும் மைனாக்களும் கொண்டைக்குருவிகளும் விதையை எங்கும் பரப்புகின்றன. அடர்ந்த புதராகி நிழல் கட்டியதும், அதன் கீழே ஆவாரையோ ஆடுதின்னாப்பாளையோ முளைத்து வர இயலாது. அதாவது, இன்று தேன் குடிக்கும் பூச்சிக்கு விருந்து வைத்துவிட்டு, அது முட்டையிட வேண்டிய இடத்தை உண்ணிச்செடி எடுத்துக்கொள்கிறது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள கிண்டிக்காட்டில் இது சிறிய இழப்பு அன்று. காட்டைச் சுற்றி நாற்புறமும் நகரம் இருக்கிறது. ஒரு செடி உள்ளே அழிந்தால் வெளியிலிருந்து விதை வந்து சேர வழி குறைவு.

இருந்தாலும், ஒரே கோடையில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்குவதை நான் ஆதரிக்கவில்லை. தேனுக்கு மாற்று இல்லாத மாதத்தில் உள்ளதையும் எடுத்துவிட்டால் பூச்சிகள் எங்கே போகும்? பகுதி பகுதியாக அகற்ற வேண்டும். அகற்றிய இடத்தில் அந்த மண்ணுக்குரிய புதர்களை மழைக்காலத்தில் நட்டு, அவை பூக்கத் தொடங்கிய பிறகு அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். செலவும் பொறுமையும் தேவைப்படும் வேலை இது. ஆனால் வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தின் ஓரத்தில் மணலில் புனல் போன்ற குழிகள் இருக்கின்றன. அதில் குழியானை இருக்கிறது என்று தாத்தா சொன்னார். குழியானை பெரியதானால் என்ன ஆகும்?
– ஐந்தாம் வகுப்பு மாணவன், பல்லாவரம்

தம்பி, உன் தாத்தா சொன்னது சரி. குழியானை ஒரு பூச்சியின் குழந்தைப் பருவம். பெரியதானதும் அதற்கு நான்கு மெல்லிய சிறகுகள் முளைத்துவிடும். பார்ப்பதற்குத் தட்டானைப் போல இருக்கும். ஆனால் தட்டானுக்கு உணர்கொம்பு மயிரிழை அளவுதான்; இதற்கோ முனை தடித்த நீண்ட உணர்கொம்புகள் உண்டு. இரவில் விளக்கைத் தேடி வரும்.

மழைபடாத, உலர்ந்த, நுண்ணிய மணல்தான் அதற்கு வேண்டும். அதனால்தான் கோடையில் குழிகள் பெருகுகின்றன. அது பின்பக்கமாகவே நகர்ந்து, வட்டம் வட்டமாகச் சுற்றி, தலையால் மணலை வெளியே வீசிக் குழி பறிக்கிறது. குழியின் சரிவு மணல் நிற்கக்கூடிய எல்லை வரை செங்குத்தாக இருக்கும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தாலே மணல் சரிந்துவிடும். எறும்பு மேலே ஏற முயன்றால், அடியில் புதைந்திருக்கும் குழியானை அதன் மேல் மணலை வீசும். கீழே வந்ததும் அரிவாள் போன்ற தாடைகளால் பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு, வெறும் ஓட்டை வெளியே எறிந்துவிடும். குழியைச் சுற்றி எறும்பு ஓடுகள் கிடக்கின்றனவா என்று பார்.

இன்னொரு வியப்பும் உண்டு. குழியானையின் வயிற்றிலிருந்து கழிவு வெளியேற வழி கிடையாது. பல மாதங்கள் தின்றதன் கழிவையெல்லாம் உள்ளேயே வைத்திருந்து, மணலும் பட்டு நூலும் சேர்த்துக் கட்டிய உருண்டைக் கூட்டிலிருந்து சிறகோடு வெளிவந்த பிறகுதான் அது முதன்முறையாகக் கழிக்கிறது. பிடித்துப் பார்த்தால், பார்த்த பிறகு அதே மணலில் விட்டுவிடு. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பின்னோக்கிப் புதைந்துகொள்ளும்.

பூங்காவில் குடிநீர்க் குழாயடியில் கசிந்த ஈர மண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. தாகமா?
– இல்லத்தரசி, சைதாப்பேட்டை

தண்ணீரோடு உப்பையும் நாடி வருகின்றன. இலையிலும் தேனிலும் சோடியம் மிகக் குறைவு. ஈர மண்ணை உறிஞ்சி அந்த உப்பைச் சேர்த்துக்கொள்பவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள்தான். இணை சேரும்போது அதில் ஒரு பங்கு பெண்ணுக்குப் போய், முட்டைகளுக்குச் சேர்கிறது. மொட்டைமாடியில் ஒரு தட்டில் மணலைப் பரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் தண்ணீரும் தெளித்து வைத்தால் உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும். தண்ணீர் தேங்க விடாமல், மணல் ஈரமாக மட்டும் இருக்கட்டும்; கொசுவுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கோடைமழை பெய்த மறுநாள் செக்கச்செவேல் என்று வெல்வெட் போன்ற பூச்சிகள் தரையில் ஊர்கின்றன. சிறுவயதில் தீப்பெட்டியில் வைத்திருப்போம். இப்போது குறைந்துவிட்டனவே?
– விவசாயி, செஞ்சி

நீங்கள் சொல்வது தம்பலப்பூச்சி; மூதாய், இந்திரகோபம் என்றும் சொல்வார்கள். கால்களை எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்கும். ஆகவே இது பூச்சி இனம் அன்று, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, முதல் நல்ல மழையில் இணை தேடி வெளியே வருகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு ஆறு கால்கள் மட்டுமே இருக்கும். அவை வெட்டுக்கிளி போன்றவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வளர்கின்றன. மண்ணை நம்பியே வாழும் உயிர் என்பதால், ஆழ உழுவதும் மண்ணில் நஞ்சு இறங்குவதும் அதை நேரடியாகப் பாதிக்கும். வரப்பிலும் ஓடைக்கரையிலும் கொஞ்சம் இடத்தைக் கிளறாமல் விட்டு வைத்தால், அதன் வாழ்விடம் அங்கே தப்பும்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் காலிமனை ஒன்று உள்ளது. எருக்கும் தாத்தாப்பூவும் நெருஞ்சியும் நாயுருவியும் மண்டியிருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் தீ வைத்துச் சுத்தம் செய்கிறோம். பாம்பு, கொசு பயம் இருக்கிறது. சென்ற இதழைப் படித்ததும் மனம் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?
– குடியிருப்போர் நலச்சங்கப் பொறுப்பாளர், பெருங்குடி

முதலில் தீயை நிறுத்துங்கள். வெட்டினால் செடி மட்டும் போகும். தீ வைத்தால் சருகுக்குள் உறங்கும் கூட்டுப்புழுக்களும் முட்டைகளும், அடுத்த மழைக்காகக் காத்திருக்கும் விதைகளும் சேர்ந்து போகும். நம் ஊரில் தனித்து வாழும் தேனீக்கள் பல, வெறுந்தரையில் துளையிட்டு அதற்குள் குஞ்சு வளர்ப்பவை; அவற்றுக்குக் காலிமனையும் ஒரு புகலிடம்தான்.

கொசு வளர்வது தேங்கிய நீரில், செடியில் அன்று. மனையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, நெகிழிக் கோப்பை, பழைய டயர் ஆகியவற்றை அகற்றினாலே அந்தப் பயம் பெரிதும் தீரும். பாம்பைப் பொறுத்தவரை, நடைபாதையையும் சுற்றுச்சுவரையும் ஒட்டி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் செடிகளைத் தரையோடு வெட்டி வைத்தால் மக்கள் நடக்கும் இடம் தெளிவாகத் தெரியும். எலிக்கு உணவாகும் குப்பையை அங்கே கொட்ட விடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். எலி இருக்கும் இடத்துக்குத்தான் பாம்பு வரும்.

பார்த்தீனியம் இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அது ஒவ்வாமையை உண்டாக்கும் செடி. பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். தாத்தாப்பூவும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். ஆனாலும் அதை விட்டு வைக்கலாம் என்பது என் கருத்து. அது உண்ணிச்செடியைப் போல ஓங்கி வளர்ந்து மற்றவற்றை மூடுவதில்லை. அதில் நாம் ஒரு பூ என்று நினைப்பது, நடுவில் மஞ்சள் பூக்கள் பலவும் விளிம்பில் வெள்ளைப் பூக்கள் சிலவும் சேர்ந்த ஒரு கொத்து. கோடையில் தாழப் பறக்கும் சிறு வண்ணத்துப்பூச்சிகள் நாள் முழுவதும் அதில் தங்கிக் குடிக்கின்றன. நெருஞ்சி முள் பிள்ளைகளின் காலில் குத்தும் என்றால் விளையாடும் பக்கத்தில் மட்டும் அதை நீக்குங்கள். மறுபக்கத்தில் அது இருக்கட்டும். சிறு நீல வண்ணத்துப்பூச்சிகளில் ஒருவகை அதன் இலையில் முட்டையிடும்.

மீதமுள்ள இடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியைப் பங்குனியில், பூண்டுகள் விதை உதிர்த்த பிறகு கணுக்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். மறுபாதியை ஆடி வரை தொடாமல் விட்டு, முதல் பாதி துளிர்த்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய சருகை அள்ளிச் செல்லாமல் மனையின் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். சுவரோரத்து எருக்கை இரண்டு முறையும் விட்டுவிடுங்கள். மனையின் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் பெற்றுக்கொள்வது நல்லது. வெட்டுவதற்கான செலவைச் சங்கம் ஏற்கிறது என்றால் பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள்.